கட்டாய சேவை நேரத்தை எதிர்க்கலாமா?

வணக்கம். பள்ளி விதித்த சேவை நேரத்துக்காகத் தங்கள் மகள் முதியோர் இல்லத்தில் நாற்காலிகளை அடுக்கிவிட்டு, படிவத்தில் கையொப்பம் பெற்றுத் திரும்புவதாகவும், இக்கட்டாயத்தையே எதிர்க்கலாமா என்றும் எழுதியிருந்தீர்கள். கட்டாயம் என்பதாலேயே அது தவறாகிவிடாது என்பது என் கருத்து. கனடாவின் ஒன்டாரியோவில் உயர்நிலைப் பள்ளிச் சான்றிதழுக்கு 40 மணி நேரச் சேவை நிபந்தனையாக இருந்தாலும், எந்தப் பணி என்பதை விதிகளுக்குட்பட்டு மாணவரே தெரிவு செய்கிறார்; அமெரிக்காவின் மேரிலாந்திலோ, முன்தயாரிப்பும், செய்ததைப் பற்றிய மீள்சிந்தனையும் சேவையோடு சேர்ந்தே வர வேண்டும். தங்கள் பள்ளியில் இவ்விரண்டுமே இல்லை என்று தெரிகிறது (கையொப்பம் மட்டும் தவறாமல் கேட்கப்படுகிறது). ஆகவே, விலக்குக் கோருவதை விட, வாரந்தோறும் ஒரே முதியவருக்குச் செய்தித்தாள் வாசித்துக் காட்டுவது போன்ற பணியை மகளே தெரிவு செய்ய அனுமதிக்குமாறு தலைமையாசிரியருக்கு எழுத்து மூலம் விண்ணப்பியுங்கள்.