சிங்கப்பூரில் தன்பாலீர்ப்பாளர்களுக்கு ஆதரவாக வருடந்தோறும் நடக்கும் பிங்க் டாட் ஊர்வலத்துக்குப் போக ஆசையாகவும் இருக்கிறது, தயக்கமாகவும் இருக்கிறது. போனவர்களுக்கு எப்படி இருந்தது?

பெயர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள். அதனால் அப்பா அம்மாவோடு வீவக (அரசு அடுக்குமாடி) வீட்டில் இருப்பவர், சொந்தக்காரர் யாராவது போட்டோவில் பார்த்துவிடுவார்களோ என்று பயப்படுபவர் என்று எடுத்துக்கொள்கிறேன். அதற்குப் பெரிதாகக் கவலைப்பட வேண்டாம். கூட்டம் அதிகம், தயக்கம் இருந்தால் பின்னால் உட்கார்ந்துகொள்ளுங்கள். எனக்கு இருக்கும் சங்கடம் வேறு. உங்கள் கேள்வி அதைக் கிளறிவிட்டது.

ஊர்வலம் என்று எழுதியிருக்கிறீர்கள். பிங்க் டாட்டில் யாரும் தெருவில் நடப்பதில்லை. ஹாங் லிம் பூங்காவில் குடிமக்கள் போலிஸ் பெர்மிட் இல்லாமல் கூட்டம் போடலாம் என்று 2008இல் விதியைத் தளர்த்தினார்கள். அடுத்த ஆண்டே, 2009 மே மாதம், முதல் பிங்க் டாட் நடந்தது. வந்தவர்கள் சுமார் 2,500 பேர். கொடியின் சிவப்பும் வெள்ளையும் கலந்தால் வரும் நிறம் என்பதால் பிங்க். இருட்டியதும் எல்லோரும் கையிலிருக்கும் விளக்கை உயர்த்திப் பிடிப்பார்கள். பார்த்தால் நிச்சயம் மனம் நெகிழும், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

என் துணைவர் தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். எஸ் பாஸ் என்ற வேலை அனுமதியில் இங்கே வேலை பார்க்கிறார். முன்பெல்லாம் இரண்டு பேரும் சேர்ந்தே போவோம். வெளிநாட்டவர் கலந்துகொள்ளக் கூடாது, நின்று பார்க்கலாம் என்று இருந்த காலம் அது. பிறகு சட்டம் மாறியது. 2017 முதல் குடிமக்களும் பிஆர்களும் (நிரந்தரவாசிகளும்) மட்டும்தான் உள்ளே வரலாம். வெளிநாட்டு நிறுவனங்கள் பணம் கொடுப்பதற்கும் தடை வந்தது. அதை உள்ளூர் நிறுவனங்கள் சுமார் 120 சேர்ந்து ஈடுகட்டின, அதைப் பார்த்துப் பெருமையாகவே இருந்தது. ஆனால் ஆட்களுக்குப் போட்ட தடையை யார் ஈடுகட்டுவது?

அந்த வருடமும் கிளார்க் கீ வரை ஒன்றாகத்தான் வந்தோம். பூங்காவைச் சுற்றித் தடுப்புப் போட்டிருந்தார்கள். நுழைவாயிலில் நீளமான வரிசை, பையைத் திறந்து காட்ட வேண்டும், ஐசியை, அதாவது அடையாள அட்டையைக் காட்ட வேண்டும். என் கையில் குடிமக்களுக்கான பிங்க் ஐசி. அவர் பர்ஸில் வேலை அனுமதி அட்டை. "நீ போயிட்டு வா, நான் ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிறேன்" என்றார். வேண்டாம், வீட்டுக்கே போய்விடலாம் என்றேன். கேட்கவில்லை. "வருஷம் பூரா இதுக்காகத்தானே காத்திருந்தே" என்று சொல்லி, என் பிங்க் சட்டையின் காலரைச் சரிசெய்துவிட்டு அனுப்பினார்.

உள்ளே கிட்டத்தட்ட 20,000 பேர். விளக்கு ஏற்றும் நேரத்தில் அவருக்குப் போன் போட்டேன். "தெரியுதா?"

"எல்லாம் தெரியுது. நீ எங்க நிக்கிறேன்னுதான் தெரியல."

சுற்றியிருந்தவர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். நான் போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றேன்.

இதைப் படித்ததும் சிலர் என்ன சொல்வார்கள் என்று தெரியும். சட்டம் எல்லா விவகாரத்துக்கும் பொது, அந்நியத் தலையீடு கூடாது என்பதற்காகப் போட்டது என்பீர்கள். சரி, காரணம் எனக்கும் புரிகிறது. சட்டத்தை மீறச் சொல்லவில்லை, நானும் மீறவில்லை. ஆனால் ஒன்றை யோசித்துப் பாருங்கள். தைப்பூசத்தன்று சிராங்கூன் ரோடு பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு வரை என் பக்கத்தில் அவர் பால்குடம் எடுத்து நடந்திருக்கிறார். வொர்க் பெர்மிட்டில் இருக்கும் தம்பிகள் எத்தனையோ பேர் அதே வழியில் காவடி எடுக்கிறார்கள். எந்த அட்டை வைத்திருக்கிறாய் என்று அங்கே யாரும் கேட்பதில்லை. சாமி காரியத்தை இதோடு சேர்க்காதே என்று கோபப்பட வேண்டாம். அந்த நடையில் எனக்குக் கிடைத்த நிறைவை மதிப்பதால்தான் சொல்கிறேன்.

சொல்ல ஆரம்பித்துவிட்டேன், இதையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு 35 ஆவதற்கு முன், தனி ஆளாக வீவக வீடு வாங்க முடியாத காலத்தில், இருவரும் வாடகைக்கு அறை தேடினோம். விளம்பரத்திலேயே "இந்தியர் வேண்டாம்" என்று போட்டிருப்பார்கள். போடாதவர்களும் போனில் என் பெயரைக் கேட்டதும் அறை போய்விட்டது என்பார்கள். ஒரு வீட்டம்மா நேரிலேயே சொன்னார், மசாலா வாசம் சுவரில் ஒட்டிக்கொள்ளுமாம். நான் இங்கேயே பிறந்து, தேசிய சேவை முடித்தவன். நாங்கள் இருவரும் யார் என்று தெரிந்து மறுத்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இன்னும் ஆறவில்லை.

35 வயதானதும் மறுவிற்பனையில் மூவறை வீடு வாங்கினேன். இன்றைக்கு வீவக பதிவில் அவர் என் வாடகைதாரர். கெடு முடியும்போதெல்லாம் புதுப்பிக்கிறோம். சமையலறையில் அவர் அம்மா கொடுத்தனுப்பிய இட்லிப் பானை இருக்கிறது, கோப்பில் வாடகை ஒப்பந்தம் இருக்கிறது. ஆண்களுக்கு இடையிலான உறவைக் குற்றமாக்கிய 377ஏ பிரிவை நீக்கியாயிற்றே, இன்னும் என்ன குறை என்று கேட்பவர்களுக்கு இதுதான் என் பதில். 2022 நவம்பர் 29 அன்று நாடாளுமன்றத்தில் அது நீங்கியபோது இருவரும் டிவி முன்னால் உட்கார்ந்து அழுதோம். அதே நாளில், திருமணம் ஆணுக்கும் பெண்ணுக்கும் இடையில் மட்டும் என்ற வரையறையை நீதிமன்றத்தில் எதிர்க்க முடியாதபடி அரசமைப்பையும் திருத்தினார்கள். பிஆர் அவருக்குக் கிடைக்கவில்லை. வேலை போனால் அவர் ஊருக்குத்தான் போக வேண்டும். மனைவியாக இருந்திருந்தால் அவருக்காக விண்ணப்பிக்கவாவது எனக்கு வழி இருந்திருக்கும்.

இவ்வளவும் சொல்லிவிட்டு, போகாதே என்று சொல்வேன் என நினைத்தால் இல்லை. நான் இப்போதும் போகிறேன். நான் இருபது வயதில் இருந்தபோது இப்படி ஒரு கூட்டம் கிடையாது. எனக்குக் கிடைக்காதது உங்களுக்குக் கிடைக்கிறது, விடாதீர்கள். சமூக அமைப்புகள் கூடாரம் போட்டிருப்பார்கள், அவர்களிடம் பேசுங்கள். தமிழ் முகம் எதையாவது பார்த்தால் நீங்களே போய்ப் பேச்சுக் கொடுங்கள், அவர்களும் அதே தயக்கத்தில்தான் நின்றிருப்பார்கள்.

ஐசியை மறக்காமல் எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு வேண்டியவர் பாஸில் இருப்பவர் என்றால், கிளம்புவதற்கு முன்பே அவரோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள். அவருக்கு மனசு கஷ்டம் என்றால் அந்த வருடம் போக வேண்டாம். பரவாயில்லை என்றால், முடிந்ததும் எங்கே சந்திப்பது என்று முடிவு செய்துகொள்ளுங்கள். பீப்பிள்ஸ் பார்க் சாப்பாட்டுக் கடைகள் நடக்கிற தூரம்தான். கூட்டம் கலையும் வரை காத்திருக்காமல் நேரே அங்கே போய்விடுங்கள்.