நூல், தூக்குக்குண்டு, டியூப் மட்டம்: பந்தயக் காரை வீட்டிலேயே அளத்தல் – கேள்வி பதில்

சேலத்தில் பழைய மாருதி கார்களைப் பந்தயத்துக்கு மாற்றியமைக்கும் இளைஞர்கள் என்னிடம் கேட்டவற்றுள், சேஸிஸை (காரின் அடிச்சட்டத்தை) அளப்பதும் சக்கரங்களை நேர்ப்படுத்துவதும் (அலைன்மென்ட்) பற்றிய கேள்விகளுக்கு மட்டும் இங்கே விடை எழுதுகிறேன்.

ஏற்காட்டிலிருந்து: ஐயா, எங்கள் வீட்டு வாசல் முழுவதும் சரிவாக இருக்கிறது. இங்கே அலைன்மென்ட் பார்க்க முடியுமா?

முடியும். வாசல் முழுவதும் மட்டமாக இருக்க வேண்டியதில்லை. டயர்கள் ஓடும் தடத்தில் இரண்டு நீள மேடைகளைச் சிமென்ட்டில் கட்டி, அவற்றை மட்டும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவந்தால் போதும். காரை முன்னும் பின்னும் உருட்டவும் இடம் கிடைக்கும். அடுக்கிய கற்களின் மேல் காரை ஏற்றவே ஏற்றாதீர்கள். கொத்தனார்கள் பயன்படுத்தும், தண்ணீர் நிரப்பிய டியூப் மட்டமே இதற்கு உகந்த கருவி. டியூபுக்குள் பட்டாணி அளவு காற்றுக்குமிழி தங்கினாலும் அளவு பொய்யாகிவிடும் என்பதால், அதை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து, விரலால் சுண்டிச் சுண்டிக் குமிழியை மேலேற்றி வெளியேற்றிய பிறகே குறியிடுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் உண்டு. இடவலச் சக்கரங்களுக்கு இடையே 1300 மி.மீ. உள்ள காரில், தரை ஒரு பக்கம் 5 மி.மீ. தாழ்ந்திருந்தால், கேம்பர் (சக்கரம் பக்கவாட்டில் சாய்ந்திருக்கும் கோணம்) ஒரு சக்கரத்தில் 0.22 டிகிரி கூடியும் மறு சக்கரத்தில் அதே அளவு குறைந்தும் காட்டும். தரையின் கோளாறைக் காரின் கோளாறு என்று எண்ணித் திருத்தப் புகுந்தால், நன்றாக இருந்த கார் கெட்டுப்போகும். மூன்று நாள் ஆனாலும் தரைக்கே செலவிடுங்கள்.

ஓமலூரிலிருந்து: சுவரில் மோதிய பந்தயக் கார் ஒன்றை வாங்கியிருக்கிறேன். சேஸிஸ் வளைந்திருக்கிறதா என்று எப்படி அறிவது?

அதை அறியாமல், சக்கரத்தின் திசையைத் திருத்தும் கம்பியான டை ராடைத் திருகுவது, அஸ்திவாரம் இறங்கிய வீட்டுக்குக் கதவை இழைப்பது போன்றது. காரை உறுதியான நான்கு ஆக்சில் ஸ்டாண்டுகளின் மேல் நிறுத்துங்கள். முன்சக்கரத்தைச் சேஸிஸோடு கீழே இணைக்கும் லோயர் ஆர்ம் பொருந்தும் போல்ட்டுகளிலிருந்தும், பின்பக்க சஸ்பென்ஷன் பொருந்தும் போல்ட்டுகளிலிருந்தும் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டு, தரையில் ஒட்டிய காகிதத்தில் கூரான பென்சிலால் குறியிடுங்கள். மின்விசிறியை நிறுத்திவிடுங்கள், குண்டு முழுவதும் அசைவற்று நிற்க ஒரு நிமிடமாவது ஆகும். பிறகு காரை நகர்த்திவிட்டு, இரண்டு மூலைவிட்டங்களையும் அளந்து ஒப்பிடுங்கள். வேறுபாடு 3 மி.மீ.க்குள் இருந்தால் நான் வேலையைத் தொடர்வேன். அதற்கு மேல் போனால் பாடியை இழுத்து நிமிர்த்தும் பட்டறைக்கு அனுப்பிவிடுவேன். சில கார்களில் இந்தப் போல்ட்டுகள் இருபுறமும் ஒரே தூரத்தில் அமைவதில்லை. எனவே, அடிபடாத அதே வகைக் கார் ஒன்றையும் அளந்து பார்ப்பது நல்லது.

மூலைவிட்டங்கள் சமமாக இருந்தும் சட்டம் முறுக்கியிருக்கலாம். முன்பக்க இரு புள்ளிகளையும் தரையிலிருந்து ஒரே உயரத்துக்குக் கொண்டுவந்து, பின்பக்கப் புள்ளிகளின் உயரத்தைப் பாருங்கள். அங்கே வேறுபாடு தெரிந்தால் அது முறுக்கம்தான்.

அம்மாபேட்டையிலிருந்து: எங்கள் வீட்டில் தறி நூல் இருக்கிறது. அதைச் சக்கரங்களை ஒட்டிக் கட்டி டோ (சக்கரங்களின் முன்புறம் உள்நோக்கியோ வெளிநோக்கியோ திரும்பியிருக்கும் அளவு) பார்க்கலாமா?

பஞ்சு நூல் தொய்யும். தூண்டிலுக்கு வாங்கும் நைலான் நரம்பு விறைப்பாக நிற்கும். அதையும் சக்கரத்தில் ஒட்டிக் கட்டக் கூடாது. ஒரே இடைவெளியில் அரம் போட்டுப் பள்ளமிட்ட இரண்டு பைப்புகளைக் காரின் முன்னும் பின்னும் வைத்து, இருபுறமும் நரம்பைச் சக்கர மைய உயரத்தில் இழுத்துக் கட்டினால், இரு நரம்புகளும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்கும். அடுத்து, அவற்றைக் காரின் நடுக்கோட்டுக்கும் இணையாக்க வேண்டும். இடவலப் பின்சக்கரங்களுக்கு இடையே உள்ள தூரம் முன்சக்கரங்களுக்கு இடையே உள்ளதைவிட 20 மி.மீ. குறைவு என்றால், முன் ஹப்பிலிருந்து (சக்கரத்தின் நடுப்பகுதியிலிருந்து) நரம்பு 100 மி.மீ. தள்ளி இருக்கும்போது பின் ஹப்பிலிருந்து 110 மி.மீ. தள்ளி இருக்க வேண்டும், இருபுறமும் அப்படியே. அதன் பிறகு ரிம்மின் முன்விளிம்பிலிருந்தும் பின்விளிம்பிலிருந்தும் நரம்புக்குள்ள தூரத்தை அளங்கள். முன்விளிம்பின் தூரம் கூடுதலாக இருந்தால் டோ-இன், குறைவாக இருந்தால் டோ-அவுட். விளிம்புக்கு விளிம்பு 360 மி.மீ. உள்ள ரிம்மில் 1 மி.மீ. வேறுபாடு ஏறத்தாழ 0.16 டிகிரி ஆகும். அதே ரிம்மில் தூக்குக்குண்டு நூலைக் கொண்டு கேம்பர் பார்த்தால், மேல்விளிம்புக்கும் கீழ்விளிம்புக்கும் 6.3 மி.மீ. வேறுபாடு ஒரு டிகிரி.

அஸ்தம்பட்டியிலிருந்து: எதை முதலில் சரிசெய்வது?

டயர் காற்று, எரிபொருள், ஓட்டுநர் எடை, காரின் உயரம், காஸ்டர் (ஸ்டீயரிங் திரும்பும் அச்சு முன்பின்னாகச் சாய்ந்திருக்கும் கோணம்), கேம்பர், கடைசியாக டோ. கேம்பரை மாற்றினால் டோவும் மாறிவிடும் என்பதால் இந்த வரிசையை மீறக் கூடாது. ஓட்டுநர் எடையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன் நானும் காலி இருக்கையோடு அளந்து காரைக் கோவை கரி பந்தயத் தடத்துக்கு அனுப்பினேன். வலப்பக்க முன் டயரின் உள்விளிம்பு மட்டும் ஒரே நாளில் தேய்ந்து, கம்பிகள் வெளியே தெரியும்படி திரும்பி வந்தது. அன்றிலிருந்து ஓட்டுநரின் எடைக்குச் சரியாக அரிசி மூட்டைகளை இருக்கையில் வைத்துத்தான் அளக்கிறேன். ஜாக்கியில் தூக்கி இறக்கிய ஒவ்வொரு முறையும், காரைச் சில அடி உருட்டி சஸ்பென்ஷனை இயல்பு நிலைக்கு வரவிடுங்கள். சேலத்தில் எளிதில் கிடைக்கும் எவர்சில்வர் தகட்டுத் துண்டுகள் இரண்டை, நடுவே கிரீஸ் தடவி, ஒவ்வொரு முன்சக்கரத்தின் அடியிலும் வைத்தால், டயர் தரையைப் பிடித்துக்கொள்ளாமல் தன் இடத்துக்கு வந்து நிற்கும்.

கன்னங்குறிச்சியிலிருந்து: அலைன்மென்ட் முடிந்ததும் ஏற்காடு மலைப்பாதையில் ஓட்டிப் பார்க்கலாமா?

கூடாது. 20 கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட அந்தப் பாதையில் பேருந்துகளும், குடும்பத்தோடு செல்லும் இருசக்கர வண்டிகளும் எதிரே வருகின்றன. தடத்தில் சோதனை நாள் கிடைக்கும்வரை பொறுத்திருங்கள். அங்கே சில சுற்றுகள் ஓட்டிவிட்டு உள்ளே வந்ததும், சூடு ஆறுமுன் ஒவ்வொரு டயரிலும் உள்விளிம்பு, நடு, வெளிவிளிம்பு ஆகிய மூன்று இடங்களில் ஊசி வெப்பமானியைக் குத்தி அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். உள்விளிம்பு மிகையாகச் சூடேறியிருந்தால் முதலில் டோவைச் சரிபார்த்து, அது சரியாக இருந்தால் நெகட்டிவ் கேம்பரை (சக்கரத்தின் மேற்பகுதி உள்நோக்கிச் சாய்ந்திருப்பதை) கால் டிகிரி குறையுங்கள். பிறகு டோவை மறுபடியும் நூல் பிடித்துப் பாருங்கள்.