சிவப்பும் பச்சையும் சேறாகாமல் இருக்க

கேள்வி: ஜெர்மன் ஓவியர் எமில் நோல்டே வரைந்த பாப்பிப் பூக்களைப் பார்த்துவிட்டு, அதேபோல் ஈரத் தாளில் செம்பருத்தி வரைகிறேன். பத்தே நிமிடத்தில் சிவப்பும் பச்சையும் கலந்து சேற்று நிறமாகிவிடுகிறது. தூரிகை பிடிப்பதில் தவறா?

பதில்: உங்கள் கையைக் குறை சொல்லாதீர்கள். முதலில் தாளைப் பாருங்கள்.

கடையில் கிடைக்கும் வாட்டர்கலர் தாள் பெரும்பாலும் பசை ஏற்றியது. அதில் நிறம் மேலாகவே நிற்கும். ஈரம் காயும்வரை ஓடி, பக்கத்து நிறத்தோடு கலந்துகொண்டே இருக்கும். நோல்டே விரும்பிப் பயன்படுத்தியது ஜப்பானியக் காகிதம். மெல்லியது, நீளமான இழை கொண்டது, வைத்ததும் தண்ணீரைக் குடித்துவிடும். அதை நனைத்து நிறம் வைத்தால், கொஞ்சம் பரவி, இழைக்குள் இறங்கி அங்கேயே தங்கிவிடும். அவருடைய இதழ்களை உற்றுப் பாருங்கள்: விளிம்பு புகைபோல் கரையும், நடுவில் சிவப்பு குங்குமமாய் அடர்ந்து நிற்கும். அந்த அடர்த்தியில் பாதி, காகிதம் தந்தது.

ஜெர்மனியின் வடகோடியில், டென்மார்க் எல்லையை ஒட்டிய சேபூல் என்ற இடத்தில் வீடு கட்டி, தோட்டம் போட்டு, அங்கே பூத்ததைத்தான் அவர் திரும்பத் திரும்ப வரைந்தார். நிறத்தைத் தண்ணீரின் போக்குக்கு விடும் துணிச்சல் அதற்கு வெகுமுன்பே அவரிடம் இருந்தது. 1908 குளிர்காலத்தில், யேனா நகருக்கு அருகிலுள்ள கோஸ்பெடாவில் உறைபனியில் வெளியே நின்று வரைந்திருக்கிறார். தாளிலேயே நிறம் உறைந்து படிகக் கோடுகளாக மாற, அதை அழிக்காமல் ஓவியத்தின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டார். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது இதுதான். (அவர் நாஜிக் கட்சி உறுப்பினராக இருந்தவர், அதே நாஜிகள் 1937-இல் அவர் ஓவியங்களைச் 'சீரழிந்த கலை' என்று காட்சிக்கு வைத்தார்கள். ஓவியத்தை ரசிக்கும்போது இதையும் மறக்க வேண்டாம்.)

சரி, உங்கள் செம்பருத்திக்கு வருவோம். சிவப்பும் பச்சையும் எதிர் நிறங்கள். ஈரத்தில் சந்தித்தால் பழுப்பு வந்தே தீரும், எந்தத் தாளானாலும். அதனால் பூவை வைத்துவிட்டு அது நன்றாகக் காயட்டும், பிறகு இலைக்குப் போங்கள். ஒரே ஈரத்தில் முடிக்க ஆசையென்றால் சிவப்புக்குப் பக்கத்தில் ஆரஞ்சோ ஊதாவோ வையுங்கள். அவை கலந்தாலும் அழகாகவே இருக்கும்.

ஜப்பானியக் காகிதம் ஒரே ஒரு தாள் வாங்கி, நான்காக வெட்டிக்கொள்ளுங்கள். அடியில் பழைய பருத்தித் துண்டை விரித்து, ஸ்பாஞ்சால் ஒற்றி நனையுங்கள். தேய்த்தால் கிழிந்துவிடும். மேலே மினுமினுக்கும் தண்ணீர் உள்ளே போனதும், குழைவாகக் கரைத்த சிவப்பைத் தூரிகை நிறைய எடுத்து, இதழுக்கு ஒரு தொடுதல் என்று வைத்துவிட்டுக் கையை எடுத்துவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் சரிசெய்யலாமே' என்று திரும்பப் போகும் இடத்தில்தான் சேறு பிறக்கிறது. மகரந்தத் தண்டு, இலை நரம்பு எல்லாம் தாள் முழுதும் காய்ந்தபின், கறுப்பு மையும் பேனாவும் கொண்டு.