அரிசியைச் சொல்லுங்கள், குக்கரைச் சொல்கிறோம்

உயர்ரக ரைஸ் குக்கர் வாங்குவது பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம். ஒன்றை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுகிறோம். வீட்டில் எந்த அரிசி, ஒரு வேளைக்கு எவ்வளவு என்ற இரண்டுக்கும் விடை தெரிந்த பிறகு கடைக்குப் போங்கள். அட்டைப் பெட்டியில் எழுதியிருக்கும் தொழில்நுட்பப் பெயர்களை அதற்குப் பிறகு பார்த்தால் போதும்.

கேள்வி: சாதாரண குக்கர், மைக்காம், ஐ.எச்., பிரஷர் ஐ.எச். என்று ஒவ்வொரு படிக்கும் விலை ஏறிக்கொண்டே போகிறது. சோற்றில் வித்தியாசம் உண்மையிலேயே தெரியுமா?

தெரியும். ஆனால் எல்லா அரிசியிலும் ஒரே அளவுக்குத் தெரியாது.

அரிசி நன்றாக வேக மூன்று கட்டங்கள் ஒழுங்காக நடக்க வேண்டும். முதலில், மாவுச்சத்து இளகத் தொடங்காத மிதமான சூட்டில் பருக்கையின் நடுப்பகுதி வரை தண்ணீர் ஏற வேண்டும். பிறகு சுணங்காமல் கொதிநிலைக்குப் போய், 98 டிகிரிக்குக் குறையாமல் சுமார் 20 நிமிடம் நிற்க வேண்டும். கடைசியாகத் தண்ணீர் வற்றியபின் மூடியைத் திறக்காமல் 10 முதல் 15 நிமிடம் புழுங்க வேண்டும்.

1955-இல் தோஷிபா நிறுவனம் தானாக அணையும் மின்சார குக்கரை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று நாம் காணும் சாதாரண நெம்புகோல் குக்கர் அதைவிட எளிமையானது. பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும்வரை அடிப்பகுதி 100 டிகிரியைத் தாண்டாது. வற்றியதும் சூடு ஏறும். 103 டிகிரியை ஒட்டி நடுவிலுள்ள காந்தம் தன் ஈர்ப்பை இழக்க, நெம்புகோல் விழுகிறது. மேலே சொன்ன மூன்று கட்டங்களில் நடுக்கட்டத்தை மட்டுமே அது கவனிக்கிறது. ஊறவைப்பதும் புழுங்கவிடுவதும் உங்கள் பொறுப்பு.

மைக்காம் (மைக்ரோகம்ப்யூட்டர், அதாவது சிறு கணினி) வகையில் அடியிலும் மூடியிலும் வெப்ப உணரிகள் உண்டு. சூடு ஏறும் வேகத்தைப் பார்த்து உள்ளே எவ்வளவு அரிசி இருக்கிறது என்று கணித்து, மூன்று கட்டங்களையும் அதுவே நடத்துகிறது. இதில் ஒரு வேளைச் சோற்றுக்கு 45 முதல் 60 நிமிடம் ஆவது ஊறவைக்கும் நேரமும் சேர்ந்திருப்பதால்தான். குறையல்ல.

ஐ.எச். என்பது இண்டக்‌ஷன். 1988-இல் மத்சுஷிதா (இன்றைய பானாசோனிக்) இதைக் குக்கருக்குக் கொண்டுவந்தது. ஹீட்டர் தட்டு கிடையாது. சுருளில் ஓடும் உயர் அதிர்வெண் மின்சாரத்தால் பாத்திரமே சூடாகிறது. பக்கங்களிலிருந்தும் சூடு வருவதால், நிறைய அரிசி போடும்போது அடியில் குழைந்து மேலே விறைத்து நிற்பது குறைகிறது. பிரஷர் ஐ.எச். இன்னும் ஒரு படி மேலே. 1.2 வளிமண்டல அழுத்தத்தில் தண்ணீர் 105 டிகிரியில் கொதிக்கும், 1.8-இல் 117 டிகிரியில். ஜப்பானிய மாடல்கள் பெரும்பாலும் முதல் எண்ணை ஒட்டியும், கொரிய மாடல்கள் இரண்டாவதை ஒட்டியும் இருக்கும். அழுத்தம் கூடக்கூடச் சோறு மென்மையாகும், ஒட்டும் தன்மையும் கூடும்.

எங்கள் தீர்ப்பு இதுதான். பாஸ்மதி போன்ற நீள அரிசியைப் பருக்கை பருக்கையாக விரும்புகிறவர்களுக்கு நல்ல மைக்காம் போதும். பிரஷர் அவர்களுக்குத் தொந்தரவுகூட. குட்டையான, ஒட்டும் அரிசிக்கு ஐ.எச். நல்ல தேர்வு. பழுப்பரிசி, சிவப்பரிசி, பழைய அரிசி அடிக்கடி சமைப்பவர்களும் மலைப்பகுதியில் வசிப்பவர்களும் பிரஷருக்குப் பணம் கொடுக்கலாம். 2000 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். அங்கே பிரஷர் இல்லாத குக்கர், எத்தனை விலை கொடுத்து வாங்கியிருந்தாலும், 98 டிகிரியை எட்டவே முடியாது.

கேள்வி: நாங்கள் இருவர்தான். விருந்தினர் வந்தால் வேண்டுமே என்று 10 கப் குக்கர் வாங்கலாமா?

வேண்டாம். குக்கரின் ‘கப்’ என்பது 180 மில்லி, அதாவது ஏறக்குறைய 150 கிராம் அரிசி. அது வெந்தால் 330 கிராம் சோறு கிடைக்கும். அகலமான பெரிய பாத்திரத்தில் ஒரு கப் அரிசி மெல்லிய படலமாகப் பரவிவிடும். தண்ணீர் சீக்கிரம் ஆவியாகி, அடி காய்ந்து போகும். பெரிய மாடல்கள் பலவற்றில் குறைந்தபட்ச அளவே 2 கப்.

தினசரி அளவு கொள்ளளவில் பாதிக்கு அருகில் வரும்படி பார்த்து வாங்குங்கள். இருவருக்கு 3 கப் குக்கர் பொருந்தும். விருந்தினர் அடிக்கடி வருவார்கள் என்றால் 5.5 கப் வரை போகலாம்.

கேள்வி: விலை உயர்ந்த குக்கர்தான். ஆனால் புழுங்கல் அரிசி போட்டால் நடுவில் நறுக்கென்று நிற்கிறது. தண்ணீர் கூட்டினால் ஆவித் துளை வழியாகக் கஞ்சி பொங்கி வழிகிறது. குக்கரில் கோளாறா?

கோளாறு இல்லை. ‘வெள்ளை அரிசி’ ப்ரோகிராமும் பாத்திரத்தின் உட்புறக் கோடுகளும் பெரும்பாலும் குட்டை ரகப் பச்சரிசியை மனத்தில் வைத்து அமைக்கப்பட்டவை. அதற்கு ஒரு பங்கு அரிசிக்கு ஏறக்குறைய 1.2 பங்கு தண்ணீர் போதும். புழுங்கல் அரிசியில் நெல்லாக இருக்கும்போதே மாவுச்சத்து ஒருமுறை வெந்து, காய்ந்து, இறுகியிருக்கிறது. தண்ணீர் உள்ளே ஏற நேரம் பிடிக்கும், அளவும் கூடுதலாக வேண்டும்.

செய்ய வேண்டியது இவ்வளவுதான். அரிசியைத் தெளிந்த தண்ணீர் வரும்வரை களையுங்கள். பொங்கி வழிவதற்கு முக்கியக் காரணம் அரிசியில் ஒட்டியிருக்கும் தவிட்டு மாவும் நொய்யும்தான். பிறகு ஒரு மணி நேரம் ஊறவையுங்கள். வடித்துவிட்டு, ஒரு பங்கு அரிசிக்கு 2 பங்கு தண்ணீரில் தொடங்குங்கள். விறைப்பாக இருந்தால் அடுத்த முறை ஒரு கப் அரிசிக்குக் கால் கப் வீதம் தண்ணீரைக் கூட்டிப் பாருங்கள். எந்த அரிசி மூட்டையை மாற்றினாலும் இந்த அளவை மறுபடி சரிபார்க்க வேண்டியிருக்கும். பழைய அரிசி அதிகம் குடிக்கும், புது அரிசி குறைவாகக் குடிக்கும்.

ப்ரோகிராமில் ‘பழுப்பரிசி’யைத் தேர்ந்தெடுங்கள். அது நீண்ட நேரம் ஊறவைத்து, மெதுவாகக் கொதிக்கவைக்கும். ஆனால் இதில் கொள்ளளவு சுருங்கும் என்பதை மறக்க வேண்டாம். 5.5 கப் குக்கரில் பழுப்பரிசிக்குப் பொதுவாக 4 கப்தான் உச்சம். புழுங்கல் அரிசிக்கு 3 கப்போடு நிறுத்திக்கொள்வது நல்லது. வடித்த சோறுதான் வேண்டும் என்றால் எந்த மூடிய குக்கரும் அதைத் தராது. கரைந்த மாவுச்சத்து முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். இதை வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கேள்வி: ஜப்பானிலிருந்து வரும் உறவினரிடம் ஒரு குக்கர் வாங்கிவரச் சொல்லலாமா?

குக்கரின் அடியிலுள்ள தகட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுச் சொல்லச் சொல்லுங்கள். ஜப்பானிய உள்நாட்டு மாடல்கள் 100 வோல்ட்டுக்கு உரியவை. 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஹீட்டர் ஐந்து மடங்குக்கு மேல் மின்சாரத்தை இழுக்கும். குக்கர் அந்த நொடியே போய்விடும். பின்னை மாற்றும் அடாப்டர் வோல்டேஜைக் குறைக்காது.

வோல்டேஜைக் குறைக்கும் ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வைக்கலாம். ஆனால் 5.5 கப் ஐ.எச். மாடல் 1100 முதல் 1300 வாட் இழுக்கும். அதற்கு 2000 வாட் அளவுள்ள, தொடர்ந்து ஓடக்கூடிய டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். அது குக்கரைவிடக் கனமாக இருக்கும். பயணத்துக்கென விற்கும் சிறிய மின்னணுக் கன்வெர்ட்டரில் குக்கரை ஓட்டவே கூடாது. இதே ஜப்பானிய நிறுவனங்கள் 220–240 வோல்ட்டுக்கென ஏற்றுமதி மாடல்களும் தயாரிக்கின்றன. வாங்குவதாயிருந்தால் அதை வாங்கிவரச் சொல்லுங்கள். பழுது பார்ப்பவரும் மாற்றுப் பாத்திரமும் உங்கள் ஊரில் கிடைக்குமா என்பதையும் முன்பே விசாரித்துவிடுங்கள்.

கேள்வி: காலையில் வைத்த சோறு மாலைக்குள் மஞ்சளாகி, ஒருவித வாடை அடிக்கிறது. விலை உயர்ந்த குக்கரில் ‘கீப் வார்ம்’ இதைத் தடுக்காதா?

ஓரளவுதான் தடுக்கும். 70 டிகிரிக்கு மேல் சோறு நெடுநேரம் இருந்தால், அதிலுள்ள சர்க்கரையும் புரதமும் வினைபுரிந்து நிறம் மாறும். நல்ல மாடல்களில் 60 டிகிரியை ஒட்டிய ‘நீண்ட நேர’ அமைப்பு ஒன்று தனியாக இருக்கும். மாலை வரை வைப்பதாயிருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். அதற்குக் கீழே போகக் கூடாது. பாசில்லஸ் சீரியஸ் என்ற பாக்டீரியாவின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. வெதுவெதுப்பான சோற்றில் அவை முளைத்துப் பெருகி நச்சை உண்டாக்கும். திரும்பச் சூடாக்கினாலும் அந்த நச்சு போகாது. ஆகவே குக்கரை அணைத்துவிட்டுச் சோற்றை உள்ளேயே விட்டுவைப்பதுதான் உண்மையான ஆபத்து.

வெந்தவுடன் சோற்றை அடிவரை கிளறி ஆவியை வெளியேற்றுங்கள். கரண்டியை உள்ளே விட்டு மூடாதீர்கள். ஏற்கெனவே ஆறிய சோற்றைச் சூட்டில் இருப்பதோடு கலக்காதீர்கள். பழுப்பரிசிக்கும் கலவைச் சாதங்களுக்கும் கீப் வார்ம் பொருந்தாது, சீக்கிரம் வாடை வரும்.

வாடைக்கு இன்னொரு காரணம் உள்மூடியும் ஆவித் துளையும். ஒவ்வொரு சமையலுக்குப் பிறகும் உள்மூடியைக் கழற்றிக் கழுவ வேண்டும். அதில் படிந்த கஞ்சிதான் புளிக்கிறது. கடையில் பார்க்கும்போதே அதை ஒரு கையால் கழற்றி மாட்டிப் பாருங்கள். கழற்ற முடியாத உள்மூடியுள்ள மாடலை, மற்ற வசதிகள் எவ்வளவு இருந்தாலும், நாங்கள் பரிந்துரைக்க மாட்டோம். வாடை ஏற்கெனவே பிடித்துவிட்டதென்றால், பாத்திரத்தில் முக்கால் அளவு தண்ணீர் மட்டும் ஊற்றி விரைவு ப்ரோகிராமில் ஒருமுறை ஓட்டி, ரப்பர் வளையத்தைத் துடைத்துத் திறந்த நிலையில் உலரவிடுங்கள். அதற்கும் போகாவிட்டால் வளையத்தை மாற்றத்தான் வேண்டும். பிரஷர் மாடல்களில் அது எப்படியும் தேயும் பொருள். பக்கவாட்டில் ஆவி கசிந்தால் உடனே மாற்றுங்கள்.

கேள்வி: உள்பாத்திரத்தின் பூச்சு உரிகிறது. உடம்புக்குக் கெடுதலா?

நான்ஸ்டிக் பூச்சு சிதையத் தொடங்குவது 260 டிகிரியைத் தாண்டிய பிறகு. ரைஸ் குக்கரில் அந்தச் சூட்டுக்கு வழியில்லை. விழுங்கிய துணுக்கு செரிக்காமல் அப்படியே வெளியேறிவிடும். ஆனால் உரிந்த இடத்தில் சோறு ஒட்டும், சூடு சீராகப் பரவாது. பாத்திரத்தை மாற்றிவிடுங்கள்.

உரிவதற்குக் காரணம் பெரும்பாலும் உலோகக் கரண்டி, கம்பி நார், பாத்திரத்துக்குள்ளேயே கிண்ணங்களைப் போட்டுக் கழுவுவது, வினிகர் சேர்த்துச் சமைப்பது. குக்கர் வாங்கும் நாளிலேயே மாற்றுப் பாத்திரம் தனியாகக் கிடைக்குமா, என்ன விலை என்று கேளுங்கள். பூச்சு தேய்ந்த பின் பாத்திரம் கிடைக்காவிட்டால் நல்ல நிலையிலுள்ள குக்கரையே தூக்கிப் போட வேண்டிவரும். பூச்சே வேண்டாம் என்பவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் பாத்திரமுள்ள மாடல்கள் உண்டு. அவற்றில் அடியில் சோறு ஒட்டும், ஊறவைத்துத்தான் கழுவ முடியும்.

கேள்வி: நான்கைந்து வருடமாக நன்றாக ஓடிய குக்கர். இப்போது பிளக்கை எடுத்தால் கடிகார நேரம் அழிந்துவிடுகிறது.

உள்ளே கடிகாரத்துக்கென ஒரு லித்தியம் பேட்டரி இருக்கிறது. அதன் ஆயுள் முடிந்துவிட்டது. பிளக் செருகியிருக்கும்போது சமையல் வழக்கம்போல நடக்கும். பல மாடல்களில் பேட்டரி பலகையோடு பற்றவைக்கப்பட்டிருப்பதால் நீங்களாகத் திறக்க வேண்டாம், சர்வீஸ் மையத்தில் மாற்றித் தருவார்கள்.

கேள்வி: ஒரே அளவு அரிசி, ஒரே தண்ணீர். ஒருநாள் நன்றாக வருகிறது, ஒருநாள் வேகாமல் நிற்கிறது. ஏன்?

பாத்திரத்தைத் தூக்கி, நடுவிலுள்ள உணரியைப் பாருங்கள். அதன் மேல் ஒரு பருக்கை ஒட்டியிருந்தாலும், பாத்திரத்தின் வெளிப்புறம் ஈரமாக இருந்தாலும், குக்கருக்குச் சரியான சூடு தெரியாது. பாத்திரத்தின் அடி நசுங்கியிருந்தாலும் இதே கதிதான். நசுங்கியதைத் தட்டிச் சரிசெய்ய முயல வேண்டாம்.

அது சுத்தமாக இருந்தால், அவசரத்துக்கு வெந்நீர் ஊற்றுகிறீர்களா என்று யோசியுங்கள். தொடக்கச் சூட்டையும் அது ஏறும் வேகத்தையும் வைத்துத்தான் குக்கர் அரிசியின் அளவைக் கணிக்கிறது. வெந்நீர் ஊற்றினால் அந்தக் கணக்கு தவறி, ஊறும் கட்டம் குறைந்துவிடும். ஒரு வேளை சமைத்து முடித்த சூட்டோடு அடுத்த ஈட்டை ஏற்றினாலும் இதுவே நடக்கும். மூடியைத் திறந்து அரை மணி நேரம் ஆறவிட்டுப் பிறகு வையுங்கள்.