படகு விடுமுறை: வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: டிசம்பரில் ஒரு வாரம் புக்கெட்டில் பாய்மர யாட் எடுக்கப் பார்க்கிறோம். நானும் கணவரும், பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள், 72 வயது மாமியார். படகை ஓட்ட ஸ்கிப்பரையும் (படகுத் தலைவர்) அமர்த்திக்கொள்வோம். 40 அடி கேட்டமரானுக்கு (இரட்டை உடல் படகு) அதே நீள மோனோஹல்லைவிட (ஒற்றை உடல் படகு) கிட்டத்தட்ட இரட்டிப்பு வாடகை சொல்கிறார்கள். கொடுக்கலாமா? (வாசகி, மாட்டுங்கா, மும்பை)

பதில்: கொடுக்கலாம். முதலில் படுக்கையை எண்ணுங்கள். உங்கள் இருவருக்கு ஒரு கேபின், பிள்ளைகளுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று. ஸ்கிப்பர் எங்கே படுப்பார்? இதை மறந்து மூன்று கேபின் மோனோஹல்லைப் பதிவு செய்துவிடுகிறார்கள். அப்புறம் அவர் நடுக்கூடத்து சோபாவில் படுக்க, ராத்திரி தண்ணீர் குடிக்க எழுந்தால்கூட அவரைத் தாண்டித்தான் போக வேண்டும். 40 அடி கேட்டமரானில் பெரும்பாலும் நான்கு கேபின் இருக்கும்; நான்கு கேபின் மோனோஹல் என்றால் பெரும்பாலும் 45 அடிக்குப் பக்கம் போக வேண்டியிருக்கும். அங்கேயே வாடகை வித்தியாசம் குறைந்துவிடுகிறது.

அடுத்து மாமியார். மோனோஹல் காற்றில் ஓடும்போது 15, 20 டிகிரி சாய்ந்துதான் போகும். அந்தச் சாய்வில் செங்குத்தான படி இறங்கி டாய்லெட்டுக்குப் போவது வயதானவர்களுக்கு ஆகாது. கேட்டமரானில் கூடமும் வெளியே உட்காரும் இடமும் ஏறக்குறைய ஒரே மட்டம். கேபினுக்கு மட்டும் மூன்று நான்கு படி. சாயாது என்பதால் குமட்டாது என்று எண்ண வேண்டாம். எதிர் அலையில் நடுத்தளத்தின் அடிப்பாகம் தொப் தொப்பென்று அடிவாங்கும், முன்பக்கக் கேபினில் தூக்கம் கெடும். மாமியாருக்குப் பின்பக்கக் கேபினைக் கொடுங்கள். நவம்பரில் ஒருநாள் கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்து பாய்மரப் படகில் இரண்டு மணி நேரம் போய்வந்தால் யாருக்குக் குமட்டுகிறது என்பது தெரிந்துவிடும்.

புக்கெட்டை ஒட்டிய பாங்-நா வளைகுடாவில் பல இடங்களில் ஆழம் குறைவு. மோனோஹல்லின் கீல் (அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கனமான பகுதி) 2 மீட்டர் வரை கீழே இறங்கியிருக்கும்; கேட்டமரானுக்கு 1.2 மீட்டர் போதும் என்பதால் தீவுக்கரை ஓரமாகவே நங்கூரம் போடலாம்.

பதிவுக்கு முன் தண்ணீர் டேங்க் எவ்வளவு என்று கேளுங்கள். 600 லிட்டர் என்றால், ஆளுக்கு நாளைக்கு 20 லிட்டர் வீதம் ஆறு பேருக்கு ஐந்து நாள்தான். குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவினால் மூன்றாம் நாளே கரைக்குப் போக வேண்டும். சட்னிக்கு மிக்ஸி கொண்டுபோவதானால் 750 வாட் தாங்கும் இன்வெர்ட்டரோ ஜெனரேட்டரோ இருக்கிறதா என்றும் கேளுங்கள். படகு பேட்டரியில் விளக்கும் ஃபிரிட்ஜும் ஓடும், மிக்ஸி ஓடாது. டாய்லெட்டில் டிஷ்யூ போடவே கூடாதென்று பிள்ளைகளுக்கு முதல் நாளே சொல்லிவிடுங்கள். குழாய் குறுகலானது, அடைத்தால் பிரித்தெடுத்துத்தான் சரிசெய்ய வேண்டும், விடுமுறையில் பாதி நாள் அதிலேயே போய்விடும்.

கேள்வி: நண்பர்கள் நால்வர் ஜூலையில் கிரேக்கம் போகிறோம். மும்பையில் சிறு பாய்ப்படகு ஓட்டக் கற்றிருக்கிறோம். ஸ்கிப்பர் இல்லாமல் நாங்களே ஓட்ட எது ஏற்றது? (வாசகர், செம்பூர்)

பதில்: 36 முதல் 38 அடிக்குள் மோனோஹல். காற்றை எதிர்த்து ஏறும்போது அது கேட்டமரானைவிடக் காற்று வரும் திசைக்கு நெருங்கிப் போகும். காற்றுக்குப் பாய் அதிகமாகிவிட்டால் சாய்ந்தும் சுக்கானை இழுத்தும் உங்களுக்கு முன்கூட்டியே சொல்லும். கேட்டமரான் அப்படி எச்சரிக்காது. கடலைத் தேர்ந்தெடுப்பது படகைவிட முக்கியம். ஜூலை, ஆகஸ்டில் கிரேக்கத்தின் கிழக்கே உள்ள ஏஜியன் கடலில் மெல்டெமி என்னும் பலத்த வடகாற்று நாள்கணக்கில் அடிக்கும். முதல் தடவைக்கு மேற்கே உள்ள அயோனியன் கடல் பக்கம் போங்கள்: காலையில் அமைதி, மதியத்துக்கு மேல்தான் காற்று ஏறும். காற்று 18 நாட் (knot, மணிக்குச் சுமார் 33 கி.மீ.) வேகத்தை நெருங்கும்போதே பாயைச் சுருக்குங்கள். 25 ஆன பிறகு சுருக்கப் போனால் பாய் படபடவென்று அடித்துக்கொள்ளும், கயிறு கையில் நிற்காது. லைசென்ஸ் ஒருவரிடம் இருந்தால் மட்டும் போதாது. அனுபவமுள்ள இன்னொருவரும் வேண்டும் என்று கிரேக்கத்தில் கேட்பார்கள். சிறு படகுச் சான்றிதழ் இதற்குச் செல்லாது. அது மட்டும்தான் கையில் இருக்கிறதென்றால் இந்த வருஷம் ஸ்கிப்பரோடு போங்கள்.

கேள்வி: அப்பா அம்மா இருவருக்கும் எழுபது தாண்டிவிட்டது. கயிறு இழுக்கும் வேலையெல்லாம் வேண்டாம். சைவச் சாப்பாடு மட்டும் வேண்டும். எந்தப் படகில் போகலாம்? (வாசகி, முலுண்ட்)

பதில்: துருக்கியின் குலெட்டைப் பாருங்கள். போட்ரும், ஃபெத்தியே போன்ற துறைகளிலிருந்து புறப்படும் அகன்ற மரப்படகு. கேப்டனும் சமையல்காரரும் கூடவே வருவார்கள். பெரும்பாலும் எஞ்சினில்தான் ஓடும், பாய் விரிப்பது குறைவு என்பதைத் தெரிந்துகொண்டு போங்கள். மீன், முட்டை, இறைச்சி வேகவைத்த சாறு எதுவும் வேண்டாம் என்பதைத் தனித்தனியாக எழுதி, ஒப்பந்தத்திலேயே சேர்க்கச் சொல்லுங்கள்.