எடை கூடிய ஓட்டுநருக்கு ஏற்ற முன் ஃபோர்க்

கேள்வி: செந்தூலில் வசிக்கிறேன். வார இறுதிகளில் செமினிப் பக்கம் செம்பனைத் தோட்டப் பாதைகளில் 250 சிசி டர்ட் பைக் ஓட்டுகிறேன். என் எடை 98 கிலோ. இறக்கங்களில் முன் ஃபோர்க் (முன் சக்கரத்தைத் தாங்கும் ஸ்பிரிங் குழாய்கள்) முழுதாக அமுங்கி 'டங்' என்று இடித்தது. பட்டறையில் கெட்டியான ஆயில் ஊற்றி, கம்பிரஷன் திருகை (ஃபோர்க் அமுங்கும் வேகத்தைக் கட்டுப்படுத்துவது) முழுக்க மூடித் தந்தார்கள். இடிப்பது குறைந்தாலும் வேர்களின் மேல் போகும்போது கைகள் மரத்துப் போகின்றன. என்ன செய்யலாம்?

பதில்: உங்கள் ஃபோர்க் பழுதாகவில்லை; அது உங்கள் எடைக்கு அமைக்கப்படவில்லை, அவ்வளவுதான். இவ்வகை பைக்குகளில் பலவற்றுக்கு, தற்காப்பு உடையுடன் 75 முதல் 85 கிலோ வரை எடையுள்ள ஓட்டுநரைக் கருத்தில் கொண்டே ஸ்பிரிங் தேர்வு செய்யப்படுகிறது. ஹெல்மெட், பூட்ஸ், முதுகில் தண்ணீர்ப்பை எல்லாம் சேர்ந்தால் நீங்கள் 105 கிலோவைத் தொட்டுவிடுவீர்கள். எடையைத் தாங்குவது ஸ்பிரிங். ஆயிலின் கெட்டித்தன்மையும் திருகுகளும் ஃபோர்க் அசையும் வேகத்தை மட்டுமே கட்டுப்படுத்துகின்றன.

கெட்டியான ஆயில் அமுங்கும் வேகத்தோடு மீண்டு எழும் வேகத்தையும் குறைத்துவிடுகிறது. முதல் வேரில் அமுங்கிய ஃபோர்க் நீள்வதற்குள் அடுத்த வேர் வந்துவிடுவதால், அது படிப்படியாகக் கீழேயே தங்கிவிடுகிறது. சக்கரம் மேலேற இடமில்லாதபோது அடி முழுவதும் உங்கள் மணிக்கட்டில் இறங்குகிறது. ஆகவே அந்த ஆயிலை வடித்துவிட்டு, பைக்கின் கையேடு சொல்லும் ரகத்தையே ஊற்றச் செய்யுங்கள்.

பிறகு அமிழ்வை, அதாவது எடையால் ஃபோர்க் எவ்வளவு கீழிறங்குகிறது என்பதை, அளந்து பாருங்கள். பைக்கை ஸ்டாண்டில் ஏற்றி, முன் சக்கரம் தரையைத் தொடாத நிலையில், அச்சிலிருந்து ஃபோர்க்கின் மேற்பகுதியில் நீங்கள் குறித்துக்கொண்ட ஒரு புள்ளி வரை நாடாவால் அளக்க வேண்டும். அடுத்து பைக் தானாக நிற்கும்போதும், நீங்கள் முழு உடையுடன் அமர்ந்திருக்கும்போதும் (ஒருவர் பிடித்துக்கொள்ள, மற்றொருவர் அளக்கட்டும்) அதே தூரத்தை அளந்து, முதல் அளவிலிருந்து கழியுங்கள். சீல்களின் உராய்வு அளவை மாற்றிக் காட்டும் என்பதால், முன்பக்கத்தை ஒருமுறை அழுத்தி மெதுவாக விட்டும், ஒருமுறை தூக்கி மெதுவாக விட்டும் அளந்து சராசரி எடுப்பது நல்லது. 300 மி.மீ. அசைவுள்ள ஃபோர்க்கில் நீங்கள் அமர்ந்த நிலையில் அமிழ்வு 65 முதல் 75 மி.மீ. வரை இருக்கலாம். பிரீலோடை (ஸ்பிரிங்கை முன்கூட்டியே அழுத்தி வைக்கும் அளவை) ஏற்றித்தான் இந்த அளவுக்குக் கொண்டுவர முடிகிறது, அப்போது பைக்கின் சொந்த எடைக்கு ஃபோர்க் ஏறக்குறைய அமிழவே இல்லை என்றால், ஸ்பிரிங் உங்களுக்கு மென்மையானது என்பது உறுதி. பிரீலோடு ஃபோர்க் நிற்கும் உயரத்தை மாற்றுமே தவிர, ஸ்பிரிங்கின் விறைப்பைக் கூட்டாது.

பொதுவாக 10 கிலோ எடைக்கு ஒரு படி, அதாவது மில்லிமீட்டருக்கு 0.2 நியூட்டன் கூடுதல் விறைப்பு என்று கணக்கிடலாம். உங்கள் பைக்கின் ஸ்பிரிங் விறைப்பு 4.2 ஆக இருந்தால் 4.6 அல்லது 4.8 பொருந்தும். பந்தயம் ஓட்டாதவர் இரண்டில் மென்மையானதை எடுத்துக்கொள்வதே என் பரிந்துரை. வழுக்கும் செம்மண்ணில் அது சக்கரத்திற்குப் பிடிப்பைத் தரும்.

புதிய ஸ்பிரிங் வந்ததும் திருகுகளைக் கையேட்டு எண்ணுக்குத் திருப்புங்கள். விறைத்த ஸ்பிரிங் வேகமாக மீளும் என்பதால் ரீபவுண்டை (மீண்டு எழும் வேகத்துக்கான திருகை) மட்டும் ஓரிரு கிளிக் இறுக்க வேண்டியிருக்கும். ஃபோர்க் குழாயில் ஒரு பிளாஸ்டிக் பட்டையைச் (ஜிப் டை) சுற்றி, வழக்கமான பாதையில் ஓட்டிவிட்டு அது எதுவரை தள்ளப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். மிகக் கடுமையான ஓரிடத்தில் மட்டும் கடைசி வரை போனால் அது சரியான அமைப்பு. அடிக்கடி இடித்தால், சாதாரண வகை ஃபோர்க்கில் ஆயில் மட்டத்தை 5 மி.மீ. உயர்த்தலாம், அது அசைவின் கடைசிப் பகுதியைத்தான் பெரிதும் விறைப்பாக்கும்.

பின்பக்க ஸ்பிரிங்கையும் அதே நாளில் அளந்துவிடுங்கள். முன்பக்கம் உயர்ந்து பின்பக்கம் தொங்கினால் வளைவுகளில் முன் சக்கரம் வெளியே ஓடும். அங்கே நீங்கள் அமர்ந்த நிலையில் 100 முதல் 105 மி.மீ. வரை அமிழ்வு கிடைக்காவிட்டால், அந்த ஸ்பிரிங்கையும் சேர்த்தே வாங்குங்கள்.