கல்யாண மண்டபத்தில் ஒயிட் பேலன்ஸ்: ஏ, பி, பிரீசெட், எதில் வைப்பது?

கேள்வி: புதிதாக ஒரு புரொஃபஷனல் வீடியோ கேமரா வாங்கியிருக்கிறேன். மண்டபத்துக்குள் முகமெல்லாம் மஞ்சளாக வருகிறது, வாசலுக்கு வந்தால் நீலமாகிறது. ஆட்டோவில் விட்டால் ஒரே ஷாட்டுக்குள்ளேயே நிறம் மாறுகிறது. ஏ, பி, பிரீசெட் என்று ஒரு சுவிட்ச் இருக்கிறது. எதை எப்போது பயன்படுத்துவது?

பதில்:

எந்த வெளிச்சத்திலும் வெள்ளை வெள்ளையாகவே தெரியும்படி கேமராவின் நிறத்தைச் சரிசெய்வதுதான் ஒயிட் பேலன்ஸ். முகூர்த்தத்துக்கு ஏ. அதாவது மணவறையில் வெள்ளை அட்டை காட்டி நீங்களே பதிந்துவைத்த ஒயிட் பேலன்ஸ். வாசல் வரவேற்பு, ஊர்வலம் போன்ற பகல் வெளிச்சத்துக்கு, அங்கே அதே மாதிரி அட்டை காட்டிப் பதிந்த பி. அட்டை காட்ட அவகாசமே கிடைக்காத இடத்தில் பிரீசெட், அதாவது கேமராவிலேயே முன்கூட்டி வைத்திருக்கும் நிலையான அளவு. ஏடிடபிள்யூ என்கிற தொடர் ஆட்டோவைத் தாலி கட்டும் நேரத்தில் பயன்படுத்தவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

ஏனென்றால் ஏடிடபிள்யூவுக்கு வெளிச்சம் எது, பொருள் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. மாம்பழ மஞ்சள் பட்டு உடுத்திய பெண்ணை நெருக்கமாக எடுத்தால், ஃபிரேம் முழுக்க மஞ்சள் நிரம்பும். வெளிச்சமே மஞ்சள் என்று எண்ணி கேமரா நீலத்தைக் கூட்டும், முகம் வெளிறும். அங்கிருந்து வெள்ளைச் சட்டைக்காரர்கள் பக்கம் திருப்பினால் மறுபடியும் மாறும். ஒரு ஷாட் முழுக்க ஒரே மாதிரி தப்பாக இருந்தால் எடிட்டிங்கில் ஓரளவு சரிசெய்துவிடலாம். ஷாட்டுக்குள்ளேயே நகரும் நிறத்தைப் பிடித்து நிறுத்துவது பெரும் வேலை. அதுவும் நிற விவரம் குறைவாகப் பதியும் 8 பிட் பதிவாக இருந்தால் கொஞ்சம் இழுத்ததுமே தோலின் நிறம் திட்டுத்திட்டாக உடைந்துவிடும்.

இப்போது அட்டை விஷயம். இதில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். கேமரா நிற்கிற இடத்தில் அட்டையைக் காட்டி பட்டனை அமுக்கிவிடுவார்கள். அங்கே தலைக்கு மேல் டியூப் லைட் இருக்கும், மணவறையிலோ அலங்காரக்காரர் போட்ட மஞ்சள் லைட் இருக்கும். இரண்டும் வேறு வேறு வெளிச்சம். உதவியாளரை மணமக்கள் உட்காரும் இடத்துக்கே அனுப்பி, முகம் வரும் உயரத்தில் அட்டையைக் கேமரா பக்கம் பார்த்துப் பிடிக்கச் சொல்லுங்கள். முகத்தில் விழப்போகிற வெளிச்சம்தான் அட்டையிலும் விழ வேண்டும்.

அதற்கு முன்பே ஷட்டர் வேகம், கெயின் (படத்தின் வெளிச்சத்தை மின்னணு முறையில் கூட்டுவது), என்டி ஃபில்டர் (உள்ளே வரும் வெளிச்சத்தைக் குறைக்கும் கண்ணாடி) மூன்றையும் முடிவு செய்துவிடுங்கள். நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் மண்டபத்துக்குள் ஷட்டர் 1/50 அல்லது 1/100 நொடி. அதைவிட வேகமாக வைத்தால் டியூப் லைட்டின் துடிப்பில் ஃபிரேமுக்கு ஃபிரேம் நிறம் மாறலாம், எடுக்கிற ஒயிட்டும் நிலையாக இருக்காது. அப்புறம் ஜூம் செய்து அட்டையால் ஃபிரேமின் நடுப்பகுதியை நிரப்புங்கள். அட்டை வெளுத்துப்போகும் அளவுக்கு ஐரிஸ் (லென்ஸின் திறப்பு) திறந்திருக்கக் கூடாது. வெளிச்ச அளவைக் காட்டத் திரையில் வரும் ஜீப்ரா கோடுகளை 70 சதவீதத்தில் வைத்து, அவை அட்டையில் லேசாகத் தெரிந்தால் போதும். சுவிட்ச் ஏ-யில் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு பட்டனை அமுக்குங்கள். பெரும்பாலான கேமராக்களில் சுவிட்ச் பிரீசெட்டில் இருந்தால் பட்டனை அமுக்கினாலும் ஒயிட் பதியாது. வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் கெல்வின் எண் ஒன்று திரையில் வரும், அதைக் கவனியுங்கள். ஹாலஜன் வெளிச்சத்தில் 3200-க்குப் பக்கத்திலும், நல்ல பகலில் 5600-க்குப் பக்கத்திலும் வர வேண்டும். மஞ்சள் லைட்டில் நின்றுகொண்டு 6000 என்று வந்தால் அட்டையில் வேறு ஏதோ வெளிச்சம் விழுகிறது என்று அர்த்தம்.

தோளில் வைக்கும் பெரிய கேமராக்களில் லென்ஸுக்குக் கீழே ஒரு சிறு சுவிட்ச் இருக்கும். மேலே தள்ளினால் ஒயிட், கீழே தள்ளினால் கருப்பைச் சாயல் இல்லாத கருப்பாக்கும் பிளாக் பேலன்ஸ். கேமரா ரொம்ப நாள் சும்மா இருந்திருந்தாலோ, குளிர் அறையிலிருந்து வெயிலுக்கு வந்திருந்தாலோ முதலில் ஒயிட், பிறகு பிளாக், திரும்பவும் ஒயிட் என்று எடுப்பது நல்லது.

அட்டைக்குப் பதிலாக வேட்டியைக் காட்டுகிறவர்களைப் பார்க்கிறேன். வேண்டாம். சலவையில் போட்ட நீலம் அதில் இருக்கும். கேமரா அந்த நீலத்தை ஈடுகட்டப் போய்ப் படம் மஞ்சளடிக்கும். ஏ4 தாளிலும் வெளுப்பாகக் காட்டும் வேதிப்பொருள் சேர்த்திருப்பதால் வெயிலில் அதே தொல்லைதான். நல்ல வெள்ளை அட்டை இல்லாதபோது காட்ட, போட்டோ சாமான் கடையில் கிடைக்கும் சாம்பல் நிற அட்டை ஒன்று பையில் இருக்கட்டும்.

“மெனுவில் கெல்வினைத் திருகி வைத்துக்கொண்டால் ஆகாதா?” என்று அடுத்துக் கேட்பீர்கள். ஹாலஜனுக்கும் வெயிலுக்கும் ஆகும். டியூப் லைட்டுக்கும் மலிவான எல்இடிக்கும் ஆகாது. கெல்வின் எண் மஞ்சளிலிருந்து நீலம் வரையிலான ஒரே கோட்டில்தான் நகரும். டியூப் லைட்டில் கூடுதலாக ஒரு பச்சை இருக்கிறது, அது அந்தக் கோட்டிலேயே இல்லை. அட்டை காட்டும்போது கேமரா பச்சையை அளவுகோலாக வைத்துக்கொண்டு, சிவப்பையும் நீலத்தையும் தனித்தனியாகக் கூட்டிக் குறைத்து மூன்றையும் சமப்படுத்துகிறது. அதனால் பச்சைச் சாயலும் போய்விடும். பிரீசெட்டில் எடுத்த மண்டப வீடியோக்களில் முகங்கள் நோயாளி போலத் தெரிவதற்குக் காரணம் இதுதான்.

ஒன்றை மட்டும் எந்த ஒயிட் பேலன்ஸாலும் மீட்க முடியாது. மலிவான எல்இடியில் அடர் சிவப்பு ஒளி குறைவு. அந்த வெளிச்சத்தில் அரக்குப் பட்டு மங்கிப்போய்ப் பழுப்பாகத் தெரியும். ஒரு லைட்டில் நிறங்கள் எவ்வளவு சரியாகத் தெரியும் என்பதற்கு விளம்பரத்தில் போடும் பொதுவான சிஆர்ஐ எண்ணில் இந்தச் சிவப்பு கணக்கில் வராது, அதற்கென உள்ள ஆர்9 எண்ணைத் தனியாகக் கேட்டுப் பார்க்க வேண்டும். ஒரு குடும்பம் எத்தனை கடை ஏறித் தேர்ந்தெடுத்த புடவை அது! கேமரா லைட்டாவது நல்ல ஆர்9 உள்ளதாக, 3200-லிருந்து 5600 வரை மாற்றக்கூடியதாக வாங்குங்கள். மண்டப வெளிச்சம் 3200 என்றால் கேமரா லைட்டையும் அதற்கே இறக்கிவிட்டுப் பிறகு ஒயிட் எடுங்கள். இல்லையென்றால் முகம் ஒரு நிறம், பின்னணி ஒரு நிறம் என்றுதான் வரும்.

ரிசப்ஷன் மேடையில் நிறம் மாறும் பார் லைட்டுகள் ஓடும்போது ஒயிட் எடுக்காதீர்கள். லைட் ஆளிடம் சொல்லி அவற்றை அணைத்து, முகத்துக்கு விழும் வெள்ளை லைட்டில் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நலங்கு, குத்துவிளக்கு ஏற்றுவது போன்ற காட்சிகளில் சுடரின் பொன்னிறம் அப்படியே இருக்க வேண்டும். சுடர் வெளிச்சத்தில் அட்டை காட்டி அதை வெள்ளையாக்கிவிடாதீர்கள்.

இரண்டு கேமரா ஓடினால் ஒரே அட்டை, ஒரே இடம், ஒரே நேரம். இரண்டிலும் எடுத்து முடித்ததும் அதே அட்டையையும், பக்கத்தில் நிற்பவர் முகத்தையும் சில நொடிகள் பதிவு செய்துவையுங்கள். வேறு வேறு கம்பெனி கேமராக்கள் என்றால் வெள்ளை ஒத்துப்போனாலும் தோலின் நிறம் கொஞ்சம் வித்தியாசப்படும். எடிட்டர் அந்த ஷாட்டை வைத்துத்தான் இரண்டையும் பொருத்துவார்.